எண்பத்தேழாம் பக்கத்துக்கு அப்புறம்

ஜூன் 23, 2023, வெள்ளி

நாலு நாளாக ஆபீஸிலும் வீட்டிலும் டைட்டன் நீர்மூழ்கிப் பேச்சுதான். டைட்டானிக்கைப் பார்க்கக் கடலுக்கடியில் போன ஐந்து பேரும் இல்லை என்று காலையில் எழுந்ததும் செய்தி. சுமார் 3,800 மீட்டர் ஆழம். அங்கே பிரஷர் எவ்வளவு இருக்கும் என்று பையன் கேட்டான். பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும், நீயே கணக்குப் போட்டுக்கோ என்றேன். போட்டுப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

இந்தப் பேச்சிலேயே ஸ்ஃபியர் ஞாபகம் வந்துவிட்டது. 1998-இல் வந்த படம். டஸ்டின் ஹாஃப்மன், ஷாரன் ஸ்டோன், சாமுவேல் ஜாக்சன் மூன்று பேரையும் கடலடியில் ஒரு டப்பாவுக்குள் போட்டு அடைத்த படம். கல்யாணத்துக்கு முன்னால் கேபிளில் பாதியிலிருந்து பார்த்தேன், ஜெல்லிமீன் காட்சி மட்டும் மனசில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாளைக்கு எல்லாருமாகப் பார்ப்பது என்று முடிவு.

ஜூன் 24, சனி

பார்த்தாயிற்று. இனிமேல் எழுதுவதில் கதை முழுக்க உடையும், படம் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

பசிபிக்கில் ஆயிரம் அடி ஆழத்தில் ஒரு விண்கலம் கிடக்கிறது. மேலே படிந்திருக்கும் பவளத்தை வைத்துப் பார்த்தால் விழுந்து முன்னூறு வருஷம் ஆகியிருக்கும். ஒரு மனநல நிபுணர், ஒரு உயிர்வேதியியல்காரர், ஒரு கணிதக்காரர், ஒரு வானியற்பியல்காரர் என்று கடற்படை திரட்டிக் கீழே இறக்குகிறது. உள்ளே போய்ப் பார்த்தால் குப்பைத்தொட்டியில் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் 'குப்பை' என்று எழுதியிருக்கிறது. வேற்றுக்கிரகமும் இல்லை ஒன்றும் இல்லை, எதிர்காலத்திலிருந்து வந்து விழுந்த அமெரிக்கக் கப்பல். இந்த இடத்தில் பையன் சோபாவிலிருந்து எழுந்தே உட்கார்ந்துவிட்டான். அதற்குள் ஒரு பெரிய தங்க உருண்டை. சுற்றியிருக்கிற எல்லாமும் அதன் மேல் பிரதிபலிக்கிறது, எதிரில் நிற்கிற மனிதர்கள் மட்டும் தெரியவில்லை.

முதல் ஒரு மணி நேரம் வீட்டில் யாரும் போனைத் தொடவில்லை. அப்புறம்தான் ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்தார்கள்.

பையனின் புகார்: "ஸ்க்விட் எங்கேம்மா?" ராட்சதக் கணவாய் வருகிறது வருகிறது என்று பயமுறுத்துகிறார்கள், முட்டைகள் மழை மாதிரி கொட்டுகின்றன, சோனார் திரையில் ஒரு பெரிய உருவம் நெருங்குகிறது, அறை குலுங்குகிறது, தீப்பிடிக்கிறது. கணவாய் மட்டும் கடைசிவரை முகத்தைக் காட்டவே இல்லை. "காசு தீர்ந்துபோச்சா?" என்றான். பட்ஜெட் சுமார் 8 கோடி டாலர் என்று தேடிப் பார்த்துச் சொன்னதும் கோபம் இன்னும் ஏறியது.

இவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்கவில்லை. தூங்கிவிட்டார்.

ஜூன் 25, ஞாயிறு

மகள் சைக்காலஜி இரண்டாம் வருஷம். அவளுக்குக் கணவாயெல்லாம் ஒரு பொருட்டே இல்லை, டஸ்டின் ஹாஃப்மன் நடித்த நார்மன்தான் பிரச்சினை. வேற்றுக்கிரகவாசி வந்தால் யார் யாரைக் கூப்பிட வேண்டும் என்று அரசாங்கத்துக்கு அறிக்கை எழுதிக் கொடுத்தவன் அவன். அதில் பாதியை அறிவியல் புனைகதைக்காரர்களிடமிருந்து சுட்டிருக்கிறான். அந்த அறிக்கையை நம்பித்தான் இத்தனை பேரையும் கீழே இறக்கியிருக்கிறார்கள். இதை அவள் ரசித்தாள்.

ரசிக்காதது பெத், அதாவது ஷாரன் ஸ்டோன், விஷயம். பெத் ஒருகாலத்தில் அவனிடம் சிகிச்சைக்கு வந்தவள், அவனுக்கோ கல்யாணம் ஆகியிருக்கிறது, இரண்டு பேருக்கும் உறவு இருந்திருக்கிறது, அவள் தற்கொலைக்கு முயன்றிருக்கிறாள். "பேஷன்ட் கூட பழகினவன் நிதானமானவனாம், பாதிக்கப்பட்டவ மேல சந்தேகமாம். உருண்டைக்குள்ள அவனும்தானேம்மா போயிட்டு வந்தான்?" காலை டிபன் நேரம் முழுக்க இதுதான் ஓடியது. தோசை ஊற்றிக்கொண்டே கேட்டதில் ஒன்று கருகியது.

உருண்டைக்குள் போய் வந்தவர் மனசில் நினைப்பதெல்லாம், பயப்படுவதெல்லாம் நிஜமாகிவிடும், அதுதான் கதை. நான் யோசித்தவரை அவள் சொல்வது பாதி சரி. யார் மனசு யாரைக் கொல்கிறது என்று தெரியாமல் மூன்று பேரும் ஒருவரையொருவர் சந்தேகிக்கிற பகுதிதான் படத்தின் உயிர், அங்கே நார்மனையும் படம் விட்டுவைக்கவில்லை. ஆனால் கேமரா எப்போதும் அவன் பக்கத்திலேயே நிற்கிறது. அதனால் அவனைச் சந்தேகப்பட நமக்கு மனசு வருவதில்லை.

ஜூன் 27, செவ்வாய்

ஆபீஸில் மூத்த சார் ஒருவர் நாவலையே படித்தவர். மைக்கேல் க்ரைட்டன் 1987-இல் எழுதியது. படத்தைச் சொன்னதும் முகம் சுளித்தார். நாவலின் கடைசியில் பெத் உண்மையிலேயே மறந்துவிட்டாளா என்று ஒரு முள் குத்திக்கொண்டே இருக்குமாம், படத்தில் அதை உருவி எறிந்துவிட்டார்களாம்.

முடிவைப் பற்றித்தான் எல்லோருக்கும் எரிச்சல். பிழைத்த மூன்று பேருக்கும் நினைப்பதெல்லாம் நடக்கிற சக்தி கிடைத்துவிடுகிறது, உலகத்துக்கு இது ஆகாது என்று முடிவு செய்து, கையைக் கோத்துக்கொண்டு, ஒன்று இரண்டு மூன்று எண்ணி எல்லாவற்றையும் மறந்துவிடுகிறார்கள். உருண்டை கடலைப் பிளந்துகொண்டு வானத்துக்குப் போகிறது. அவ்வளவுதான் படம். இதற்கா 134 நிமிஷம் என்று நானும்தான் சனிக்கிழமை ராத்திரி கேட்டேன்.

இன்றைக்கு பஸ்ஸில் வரும்போது திடீரென்று பிடிபட்டது. முதல் பாதியிலேயே ஹாரி, அதாவது சாமுவேல் ஜாக்சன், ஒரு கணக்குச் சொல்கிறான். கப்பல் எதிர்காலத்தில் கிளம்பியது, ஆனால் தனக்கு நேர்ந்ததை 'அறியப்படாத நிகழ்வு' என்றுதான் பதிந்து வைத்திருக்கிறது. நாம் பிழைத்து மேலே போயிருந்தால் இதைச் சொல்லியிருப்போம், எதிர்காலத்துக்காரர்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியவில்லை என்றால் நாம் யாரும் மேலே போகப்போவதில்லை என்று அர்த்தம். மரண ஓலையை வாசிக்கிற மாதிரி சாவதானமாகச் சொல்லிவிட்டுப் போகிறான். அவன் கணக்கு விட்ட ஒரே வழி, பிழைத்து மறந்துபோவது. கடைசியில் அதுதான் நடக்கிறது. ஆக முடிவு வானத்திலிருந்து குதிக்கவில்லை, முன்னாலேயே நட்டு வைத்திருக்கிறார்கள். காகிதத்தில் கச்சிதம்தான். திரையில் பெரியவர்கள் மூன்று பேர் கண்ணாமூச்சிக்கு எண்ணுகிற மாதிரி இருந்தால் பார்க்கிறவன் சிரிக்காமல் என்ன செய்வான்?

இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிவிட்டேன்.

ஜூன் 28, புதன்

பையனுக்காக இன்னும் கொஞ்சம் தேடினேன். படம் வந்தது 1998 பிப்ரவரி 13. அப்போது டைட்டானிக் தியேட்டர்களை விட்டு இறங்கவே இல்லை, அந்த வாரமும் அதுதான் முதலிடம். ஆழ்கடல் என்றாலே சனம் அந்தக் கப்பலைப் பார்க்கத்தான் போயிருக்கிறது. அமெரிக்காவில் ஸ்ஃபியர் வசூலித்தது சுமார் 3 கோடியே 70 லட்சம் டாலர், போட்டதில் பாதிகூட இல்லை. விமர்சகர்களும் சேர்ந்து துவைத்துக் காயப்போட்டார்கள். இதில் வேடிக்கை, ஸ்ஃபியர் வேலை தள்ளிப்போன இடைவெளியில் இதே இயக்குநர் பாரி லெவின்சன் இதே ஹாஃப்மனை வைத்து ஒரு மாசத்துக்குள் சின்னதாக ஒரு அரசியல் நையாண்டிப் படம் எடுத்தார், ஹாஃப்மனுக்கு ஆஸ்கர் பரிந்துரை அதற்குத்தான் கிடைத்தது.

ஜூன் 30, வெள்ளி

தம்பி போன் பண்ணினான். மும்பை ஹை எண்ணெய் வயலில் கடலுக்கடியில் வேலை செய்கிற டைவர்களுக்கு லைஃப் சப்போர்ட் டெக்னீஷியன், அழுத்த அறைக்கு வெளியே உட்கார்ந்து அவர்கள் மூச்சைக் கவனிக்கிற வேலை. போன வாரமே பார்க்கச் சொல்லியிருந்தேன். பார்த்திருக்கிறான்.

கணவாயை அவன் கேட்கவே இல்லை. "ஆயிரம் அடின்னா முப்பத்தொரு வளிமண்டலம்க்கா. ஹீலியம் கலந்த காத்துதான் மூச்சுக்கு. எல்லாருக்கும் வாத்துக் குரல் வந்துடும், அதைச் சரிபண்ணிக் கேக்கவே தனியா ஒரு பெட்டி இருக்கு. ஹீலியம் உடம்புச் சூட்டை உறிஞ்சிடும், அறையை முப்பது டிகிரியில வச்சாத்தான் அவங்களுக்குக் குளிராது. உள்ளே இருக்கிறவங்களுக்கு நாக்குல ருசியே தெரியாது, ஊறுகா பாட்டிலாக் கேப்பாங்க. இவங்க என்னடான்னா நல்லாச் சாப்பிட்டுட்டு உக்காந்திருக்காங்க."

சரி, படம் பிடிக்கவில்லையா என்றேன்.

"கடைசி சீன் பிடிச்சுது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊரே திட்டுகிற சீன். ஆனால் அவன் பார்த்தது அந்த மூன்று பேரையும் அல்ல, அவர்கள் உட்கார்ந்திருந்த அழுத்தம் குறைக்கிற அறையை. அந்த ஆழத்திலிருந்து ஏறி வந்தால் பத்துப் பதினோரு நாள் அப்படி ஒரு டப்பாவுக்குள்தான் இருக்க வேண்டுமாம், கப்பல் மேலேதான் இருப்பார்கள், ஜன்னல் வழியே ஆள் நடமாட்டம் தெரியும், ஆனால் கதவைத் திறந்தால் செத்துப்போவார்கள். "அஞ்சாவது நாள் ஒருத்தனும் இன்னொருத்தன்கிட்ட பேச மாட்டான்க்கா. அங்க உக்காந்து எல்லாத்தையும் மறந்துடலாமான்னு யோசிச்சா அதுல என்ன தப்பு?"

ஜூலை 2, ஞாயிறு

மீன்காரம்மா கணவாய் கொண்டுவந்தார், கிலோ வாங்கிச் சுத்தம் பண்ணினேன். கையெல்லாம் கறுப்பு மை. பையன் பக்கத்தில் நின்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். படத்தில் ஹாரி கடலடிக் கதை ஒன்றைப் படித்துக்கொண்டே இருப்பான், சின்ன வயசில் கணவாய் வருகிற இடத்தில் பயந்து 87-ஆம் பக்கத்தோடு மூடிவைத்த புத்தகம். கிடங்கைத் திறந்தால் அதே புத்தகம் அடுக்கடுக்காக இருக்கிறது, எல்லாவற்றிலும் 87-க்கு அப்புறம் வெற்றுத்தாள். அவன் மனசு அதற்கு மேல் போகாததால் புத்தகமும் போகவில்லை. படத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான், ஒரு வசனம் வேண்டியிருக்கவில்லை. ஆனால் இந்த வாரம் நான் கேட்டவர்களில் ஒருவர்கூட இதைச் சொல்லவில்லை.

ராத்திரி பதினொன்றரைக்கு இவர் தனியாக ஹாலில் விட்ட இடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கணினித் திரையில் ஏதோ ஒன்று வணக்கம் சொல்லி, தன் பெயர் ஜெர்ரி என்று அறிமுகம் செய்துகொள்கிற இடம் போல. பெட்ரூம் கதவைத் தட்டி, "ஏம்மா, இந்த ஜெர்ரி யாரு?" என்றார்.

"சொல்லாதீங்கம்மா!" பக்கத்து அறையிலிருந்து இரண்டு குரல், ஒரே நேரத்தில்.