நடுக்கடல்ல நிக்கிறீங்க, மாப்பிள்ளை

என் மனைவி பிறந்த ஊர் சிங்கப்பூர். நான் நாகப்பட்டினம். கல்யாணமாகி இரண்டு வருடம் கழித்துத்தான் மாமனார் வீட்டுக்கு முதல் முறையாக விமானம் ஏறினேன். சனிக்கிழமை ஊர் சுற்றிக் காட்டுவதாக மனைவி சொல்லியிருந்தாள். மெர்லயன், மரினா பே சேண்ட்ஸ், கரையோரப் பூந்தோட்டங்கள் என்று கைப்பேசியில் பட்டியலே தயார். கிளம்பும் நேரத்தில் மாமாவும் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"நானும் வரேன். இவளுக்கு என்ன தெரியும்? நேத்துப் பிறந்தவ."

மாமா முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அதனால் ரயில் கிடையாது, பஸ்தான். மாடியில் முன் சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒவ்வொரு திருப்பத்திலும் அவருடைய வலது கால் தானாகப் பிரேக் மிதித்தது.

லிட்டில் இந்தியா பக்கம் தேக்காவில் பரோட்டாவும், தே தாரேக் என்கிற ஆற்றிய டீயும். எவ்வளவு ஆச்சு என்று கேட்டேன். "என்ன, ஒரு பத்து வெள்ளி" என்றார். பத்து வெள்ளிக்கிழமை கடனா என்று விழித்தேன். இங்கே டாலருக்குத்தான் வெள்ளி என்று பேர், சென்ட்டுக்குக் காசு. சரி, நம்மைவிட நல்ல தமிழ்.

அப்புறம் பீச் ரோடு. பேரைக் கேட்டதும் காற்று வாங்கலாம் என்று இறங்கினேன். ராஃபிள்ஸ் ஹோட்டல் இருக்கிறது, கட்டடங்கள் இருக்கின்றன, கடலைக் காணோம்.

"இங்கதான் மாப்பிள்ளை இருந்துச்சு" என்று எதிர்ச்சாரியைக் காட்டினார். "1887ல இந்த ஹோட்டல் திறந்தப்போ எதுத்தாப்ல கடல். மண்ணக் கொட்டிக் கொட்டித் தள்ளி விட்டுட்டாங்க. அறுபதுகள்ல நாடு 580 சதுர கிலோமீட்டர் சுமாருக்கு இருந்துச்சு. இப்ப 730ஐத் தாண்டிருச்சு."

பூம்புகாரைக் கடல் கொண்டது என்று பள்ளிக்கூடத்தில் படித்தவன் நான். இங்கே ஊர் கடலைக் கொண்டிருக்கிறது.

எஸ்பிளனேட் பூங்காவில் ஒரு மரத்தடியில் நிறுத்தினார். கண்ணை மூடி ஆழமாக மூச்சிழுத்தார். நானும் இழுத்தேன். ஒன்றும் வரவில்லை. "சாத்தே கிளப். குச்சில குத்திச் சுட்ட கறி விக்கிற கடைங்க. இங்கதான் இருந்துச்சு. 1995ல எடுத்துட்டாங்க." முப்பது வருடத்துக்கு முந்தைய புகையை அவர் மட்டும் முகர்ந்துகொண்டிருந்தார். மனைவி என்னைப் பார்த்து, 'நான் சொல்லலை?' என்பதுபோல் புருவத்தை உயர்த்தினாள்.

மெர்லயனிலாவது தப்பித்தோம் என்று நினைத்தேன். தூரத்தில் சிங்கத்தலை மீன் தண்ணீர் துப்பிக்கொண்டிருந்தது, 8.6 மீட்டர் உயரம், சுற்றிலும் கூட்டம். மாமா எங்களை எதிர்ப்பக்கம், பாலத்தைத் தாண்டி, ஆற்று முகத்துக்கு இழுத்துப் போனார்.

"மாமா, சிங்கம் அங்க இருக்கு."

"அது குடி போன வீடு. 1972ல வச்ச இடம் இது. நடுவுல பாலத்தக் கட்டி முகத்த மறைச்சிட்டாங்க. அப்புறம் 2002ல 120 மீட்டர் தள்ளிக் கொண்டுபோய் வச்சாங்க."

சிலைக்கே இங்கே நிரந்தர விலாசம் இல்லை. காலி இடத்தைக் கை நீட்டிக் காட்டியபடி மாமா நிற்க, படம் எடுத்தேன். அன்றைக்கு எடுத்த பதினாலு படத்திலும் அவர் விரல் எதையோ காட்டுகிறது. எதிலும் அந்த 'எதையோ' கிடையாது.

மரினா பே சேண்ட்ஸ் அடிவாரத்தில் அண்ணாந்து பார்த்து எனக்குக் கழுத்து வலித்தது. மூன்று கோபுரம், ஒவ்வொன்றும் 55 மாடி, தலைமேல் கப்பல் மாதிரி ஒன்று. மேலே போக ஆளுக்கு முப்பது வெள்ளிக்கு மேல் என்றாள் மனைவி.

"எதுக்கு?"

"மேல போய்க் கடல் பார்க்கலாம்ப்பா."

"இதுவே கடல்தான். மாப்பிள்ளை இப்ப நடுக்கடல்ல நிக்கிறாரு. சின்ன வயசுல நான் இங்க படகுல போயிருக்கேன். நின்ன இடத்துலயே இருக்கிற கடலப் பார்க்க முப்பது வெள்ளியா?"

போகவில்லை.

பூந்தோட்டத்தை மாலைக்குத் தள்ளிவிட்டு தெலுக் ஆயர் தெருவுக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு தர்கா. பெயர்ப்பலகையைப் படித்து அப்படியே நின்றுவிட்டேன். நாகூர் தர்கா! 1828ல் கட்டத் தொடங்கியதாம். எங்கள் வீட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்ச் சேரும் இடத்தின் பேரைப் படிக்க, கடல் தாண்டி வந்திருக்கிறேன்.

"அந்தக் காலத்துல இந்தத் தெரு..."

"கடல்" என்றோம் நானும் மனைவியும் ஒரே குரலில்.

மாமா கோபிக்கவில்லை. படியோரம் உட்கார்ந்து கால் முட்டியைத் தடவிக்கொண்டார். "எங்கப்பா ரஜூலா கப்பல்ல வந்தவரு. உங்க நாகப்பட்டினத்துலதான் ஏறுனாரு. அந்த எடத்த நான் பார்த்ததே இல்ல. அடுத்த வருசம் வரேன், காட்டுங்க."

எனக்குச் சங்கடமாகிவிட்டது. "மாமா, அந்தக் கப்பல்லாம் நின்னு எத்தனையோ வருசமாச்சு. அங்க போனா காட்டுறதுக்கு ஒண்ணும் இல்ல. வெறும் கடல்தான்."

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கடல் இன்னும் அதே இடத்துலயா இருக்கு?"