கிரிப்பில் பெயரே இல்லாத மனிசன்

காணி என் கணவருடைய பெயரில். மாதச் சம்பளம் என்னுடைய பெயரில். இரண்டும் சேராமல் எங்களுக்கு வீட்டுக்கடன் கிடைக்காது என்பது முதலே தெரியும். வங்கி இவரை எப்படிப் பார்க்கும் என்பதுதான் தெரியாமல் இருந்தது.

கிளிநொச்சி பரந்தனில் எங்களுடையது இந்திய அரசின் உதவியில் கட்டிய வீட்டுத்திட்ட வீடு. ஐந்தரை இலட்சம் ரூபாய் கட்டம் கட்டமாக இவருடைய கணக்குக்கு வந்து கட்டியது. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். இரண்டு அறையும் ஒரு குசினியும் கூட்டிக் கட்ட 20 இலட்சம் கேட்டு இருவருமாக விண்ணப்பித்தோம். நான் ஆசிரியை, ஸ்கூட்டியை லீசிங்கில் எடுத்துக் கட்டி முடித்தவள். ஒருவர் எடுத்த கடன்களையும் அவற்றைக் கட்டிய விதத்தையும் காட்டுவது கிரிப் (CRIB) அறிக்கை. என்னுடையது நல்லபடி வந்தது. இவருடையதில் ஒன்றுமே இல்லை. வீட்டுத்திட்டக் காசு மானியம், கடன் இல்லையே. அதனால் அதுவும் அங்கே பதியப்படவில்லை.

முதலில் போன கிளையில், “டீச்சர், நீங்கள் தனிய எடுங்கோ. அண்ணை காணியை மட்டும் ஈடு வைக்கட்டும்” என்றார்கள். பக்கத்தில் இருந்த இவர் ஒன்றும் பேசவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்கிறவர் இவர். உரமும் மருந்தும் கடையில் கொப்பிக்கு எடுப்பார். நெல் வெட்டி விற்ற கையோடு முதல் வேலை அந்தக் கணக்கை முடிப்பதுதான். கடைக்காரர் இவரைப் பற்றி ஒரு மணித்தியாலம் நல்லதாகச் சொல்லுவார். அதை எழுத வங்கிப் படிவத்தில் இடம் இல்லை.

கிரிப் என்று நாங்கள் சொல்லும் கொடுகடன் தகவல் பணியகம் 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. அதே ஆண்டு ஜூனில் இங்கே திரும்பவும் சண்டை தொடங்கியது. போர் முடிந்த 2009 வரை வன்னியில் பெரும்பாலானவர்களின் கொடுக்கல் வாங்கல் கைக்காசிலும் கைமாற்றிலும் சீட்டிலும் நகையிலும்தான் ஓடியது. இவருடைய வயதில் எத்தனையோ பேர் அப்படித்தான் பெரியவர்களானார்கள். அதற்காக அவர்களை நம்ப முடியாதவர்கள் என்று ஒருவரும் சொல்லக்கூடாது.

“கிரிப்பில பேர் விழுந்திட்டுது” என்று ஊரில் பயந்து பயந்து கதைப்பார்கள். ஒழுங்காகக் கட்டினவரின் பெயரும் அங்கேதான் இருக்கிறது. அறிக்கையைப் பார்த்துக் கடன் கொடுப்பதா இல்லையா என்று முடிவெடுப்பது வங்கி. கெட்ட பதிவு வேறு, பதிவே இல்லாதது வேறு.

அடுத்த கிளையில் இருந்த உத்தியோகத்தர் இந்த வித்தியாசம் தெரிந்தவர். கமநல சேவை நிலையப் பதிவு, நெல் விற்ற பற்றுச்சீட்டுகள், மின்சாரப் பட்டியல், கிராம அலுவலர் கடிதம், பழைய வங்கிப் புத்தகம் எல்லாம் கேட்டார். புத்தகத்தில் வீட்டுத்திட்டக் காசு வந்த வரிகளில் விரலை வைத்து, “ஒவ்வொரு கட்டமும் முடிச்சுத்தானே அண்ணை அடுத்த காசு வந்திருக்கு” என்றார். அதைக் கேட்டபிறகுதான் இவர் வாய் திறந்து வயல் கணக்கைச் சொல்லத் தொடங்கினார். வயல் வருமானத்தை அவர்கள் முழுதாகக் கணக்கில் எடுக்கவில்லை. ஆனாலும் எடுத்த அளவு போதுமாக இருந்தது.

எங்களுடையது உறுதிப் பத்திரம் உள்ள சொந்தக் காணி. அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணி வைத்திருப்பவர்கள் முதலில் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். அனுமதி இல்லாமல் அதை ஈடு வைக்க ஏலாது.

தனிய எடுத்திருந்தால் அலைச்சல் குறைவுதான். ஆனால் கூட்டுக்கடன் இரண்டு பேருடைய அறிக்கையிலும் ஏறும். நாளைக்கு உழவு இயந்திரத்துக்கு லீசிங் கேட்டு இவர் போகும்போது காட்ட ஒரு பதிவு இருக்கும். மற்றப் பக்கமும் உண்டு. முழுக் கடனுக்கும் இருவருமே பொறுப்பு, ஒரு தவணை பிந்தினாலும் இரண்டு பெயரிலும் விழும். வயல் காசு மாதாமாதம் வராது. அதனால் தவணை என் சம்பளக் கணக்கில் கழிகிறது. காலபோக நெல் வெட்டியதும் ஆறு மாதத் தவணைக்கான காசை இவர் அதே கணக்கில் போட்டுவிடுவார்.

இப்போது மச்சாளும் கடனுக்குப் போக யோசிக்கிறா. குழுக்கடனில் பக்கத்து வீட்டுக்காரிக்குப் பிணை நின்றவ. பிணை நின்றதும் அறிக்கையில் வரக்கூடும் என்று அவவுக்கு இதுவரை ஒருவரும் சொல்லவில்லை. விண்ணப்பம் நிரப்பமுதல் தன்னுடைய அறிக்கையை எடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். வருகிற கிழமை நானும் கூடப் போகிறேன்.