நடுத்தர மின்னழுத்தப் பராமரிப்பில் எர்த்திங்: தேர்வுக்குப் படித்த வழி

மின் பாதுகாப்புத் தகுதித் தேர்வுக்குத் தயாராகும் பலர், எர்த்திங் (வேலைக்காக மின்சாரம் நிறுத்திய கடத்திகளைத் தற்காலிகமாகப் பூமியோடு இணைப்பது) பகுதியை விதிகளின் வரிசையாக மனப்பாடம் செய்கிறார்கள். எழுத்துத் தேர்வுக்கு அது போதும். நேர்முகத் தேர்வில் ஒவ்வொரு விதிக்கும் காரணம் கேட்பார்கள். வேலை செய்பவரின் உடலுக்குக் குறுக்கே எத்தனை வோல்ட் வரும் என்ற கேள்வியை ஒவ்வொரு விதியிடமும் கேட்டுப் படித்ததே எனக்குக் கைகொடுத்தது.

மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கரைத் திறந்து, வெளியே இழுத்து, பூட்டுப் போட்டபின் எர்த் எதற்கு என்பது பெரும்பாலும் முதலில் வரும் கேள்வி. டிரான்ஸ்ஃபார்மரின் தாழ்வழுத்தப் பக்கத்திலுள்ள ஜெனரேட்டரிலிருந்து மின்சாரம் திரும்பி வரலாம். இணையாகச் செல்லும் லைன் மின்னழுத்தத்தைத் தூண்டலாம். கேபிளிலும் கெப்பாசிட்டரிலும் மின்னூட்டம் தங்கியிருக்கலாம். யாரேனும் தவறுதலாக சுவிட்சைப் போட்டும் விடலாம்.

அடுத்த கணக்கைக் கையால் போட்டுப் பார்ப்பது அவசியம். கடத்தியைப் பணியாளர் நிற்கும் உலோக அமைப்போடு இணைக்கும் எர்த் ஒயரும் கிளாம்ப் இணைப்புகளும் சேர்ந்து 3 மில்லி ஓம் என்றும், பழுது மின்னோட்டம் (தவறுதலாக மின்சாரம் வந்தால் பாயும் மிகையான மின்னோட்டம்) 10,000 ஆம்பியர் என்றும் கொண்டால், ஒயரின் இரு முனைகளுக்கிடையே 30 வோல்ட் வரும்; கடத்தியைத் தொடும் பணியாளரின் உடலுக்குக் குறுக்கேயும் அதுவே. உடலின் மின்தடையை 1,000 ஓம் என எடுத்தால், பிரேக்கர் ட்ரிப் ஆகும் (தானாகத் துண்டிக்கும்) வரையிலான குறுகிய நேரம் உடல் வழியே 30 மில்லி ஆம்பியர் பாயும். இனி அதே கடத்தியைத் தள்ளி மண்ணில் அடித்த, 10 ஓம் மின்தடையுள்ள எர்த் ராடில் மட்டும் இணைத்ததாகக் கொள்ளுங்கள். நியூட்ரல் (மூன்று ஃபேஸ்களின் பொதுப்புள்ளி) நேரடியாக எர்த் செய்யப்பட்ட 11 கிலோவோல்ட் அமைப்பில் ஒரு ஃபேஸுக்கு மின்சாரம் வந்தால், ஏறக்குறைய 6,350 வோல்ட்டும் கடத்தியிலேயே நிற்கும். பாய்வது அதிகபட்சம் 635 ஆம்பியர் என்பதால் ட்ரிப் ஆவதும் தாமதமாகலாம். மின்னோட்டம் மின்தடை குறைந்த வழியில் மட்டுமே செல்லும் என்று எழுதினால் விடை தவறு. எல்லா வழிகளிலும் அது பிரிந்து செல்கிறது.

மற்ற விதிகள் இந்தக் கணக்கிலிருந்தே பிறக்கின்றன. மூன்று ஃபேஸ்களையும் ஒன்றாக ஷார்ட் செய்து, பணியாளர் நிற்கும் உலோக அமைப்போடும் இணைக்க வேண்டும். ஒயர் குட்டையாக இருக்க வேண்டும். கிளாம்ப் கவ்வும் இடத்தை ஒயர் பிரஷ்ஷால் தேய்த்து ஆக்சைடு படலத்தை நீக்க வேண்டும். மிஞ்சிய ஒயரைச் சுருட்டி விடக்கூடாது. பழுது மின்னோட்டத்தின் காந்த விசை அதை வீசி அடிக்கும்.

வரிசையும் அப்படித்தான். வோல்டேஜ் டிடெக்டரை, மின்சாரம் இருப்பது உறுதியான ஓரிடத்தில் முதலில் சோதித்து, பணியிடத்தில் பார்த்து, மீண்டும் அந்த முதல் இடத்தில் சோதிக்க வேண்டும், ஏனெனில் பழுதான கருவியும் "மின்சாரம் இல்லை" என்றே காட்டும். பிறகு எர்த் முனையை முதலிலும், ஃபேஸ் முனைகளை இன்சுலேட்டட் ராடால் அடுத்தும் மாட்ட வேண்டும். கழற்றும்போது ஃபேஸ் முனைகளே முதலில். இதை மாற்றிச் செய்தால், கையிலுள்ள முனைக்கே லைன் மின்னழுத்தம் வந்துவிடக்கூடும்.

பலர் விட்டுவிடும் ஒரு பகுதி, கேபிளின் இன்சுலேஷன் சோதனை. அதற்காக எர்த்தை முறையான அனுமதியோடு தற்காலிகமாக எடுக்க நேரும். சோதனை முடிந்ததும் ஒரு கணம் தொட்டு டிஸ்சார்ஜ் செய்தால் போதாது. காப்புப் பொருளுக்குள் உறைந்த மின்னூட்டம் மெல்ல வெளிவந்து மின்னழுத்தம் மீண்டும் ஏறும். சோதனை நீடித்த நேரத்தைப் போல் குறைந்தது நான்கு மடங்கு நேரமாவது எர்த்தில் வைத்திருப்பது பரவலான நடைமுறை. வேலை தொடருமானால் எர்த்தை எடுக்காமல் அப்படியே விட்டுவிட வேண்டும்.