"கடைசியா ஒரு தடவை பேசணும்" என்று கூப்பிட்டால்

அடித்துத் துன்புறுத்தும் கணவனையோ துணையையோ விட்டு ஒரு பெண் பிரிந்து வந்தால், "அதான் வெளியே வந்துட்டாளே, இனி என்ன பயம்?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். ஆனால் தன் பிடி நழுவிவிட்டது என்று அவனுக்குத் தெரியும் முதல் சில மாதங்கள்தான் மிகவும் ஆபத்தானவை. "கடைசியா ஒரு தடவை பேசணும், நகையை வாங்கிட்டுப் போ" என்று அழைத்தால் தயவுசெய்து தனியாகப் போகாதீர்கள். நகையோ சான்றிதழோ, வக்கீல் மூலமாகவோ காவல் நிலையத்தில் வைத்தோ வாங்கிக்கொள்ளலாம்.

அவன் ஒரு தடவையாவது கழுத்தை நெரித்திருந்தால், பின்னாளில் உயிருக்கே ஆபத்து வரலாம் என்பதற்கான பெரிய எச்சரிக்கை அது. வெளியே காயமே தெரியாமல் இருக்கலாம். குரல் கம்மலாம், எச்சில் விழுங்கினால் வலிக்கலாம், கண்ணில் சிவப்புப் புள்ளிகள் தெரியலாம். அரசு மருத்துவமனைக்குப் போய், "கழுத்தை நெரித்தார்" என்று வாய்விட்டுச் சொல்லி ஏ.ஆர். காப்பியில் (மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல்) எழுத வையுங்கள். அவமானத்துக்குப் பயந்து "வழுக்கி விழுந்துட்டேன்" என்று சொன்னால், நீதிமன்றத்தில் அந்தத் தாளே உங்களுக்கு எதிராக நிற்கும்.

போன் விஷயம். வீட்டில் இருக்கும்போதே பாஸ்வேர்டை மாற்றினால் அவனுக்குச் சந்தேகம் வரும். பத்திரமான இடத்துக்குப் போனபின் மாற்றுங்கள். வாட்ஸ்அப்பில் லிங்க்டு டிவைசஸ் (உங்கள் கணக்கு வேறு எந்தக் கருவியில் திறந்திருக்கிறது என்பது), கூகுள் மேப்ஸில் லொகேஷன் ஷேரிங் (நீங்கள் இருக்கும் இடம் யாருக்குத் தெரிகிறது என்பது) இரண்டையும் பாருங்கள். வங்கிக் கணக்கிலும் ஆதாரிலும் அவன் நம்பர் இருந்தால் ஓடிபி அவனுக்குத்தான் போகும். மிரட்டல் மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள்.

குடும்ப வன்முறைச் சட்டம் 2005, பிரிந்து வந்தவர்களுக்கும் பொருந்தும். தாலி கட்டாமல் கணவன் மனைவி போலச் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கும்தான். இப்போது தங்கியிருக்கும் ஊர் நீதிமன்றத்திலேயே மனு போடலாம். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் உதவுவார். 181க்கு எந்நேரமும் அழைக்கலாம். அவசரமென்றால் 23ஆம் பிரிவில், அவன் வராமலேயே இடைக்கால உத்தரவு கேட்கலாம். அவன் எங்கெல்லாம் வரக்கூடாது, எதிலெல்லாம் தொடர்புகொள்ளக்கூடாது என்று, வேலை செய்யும் இடம், அம்மா வீடு, போன் என எல்லாவற்றையும் மனுவில் தனித்தனியாக எழுதுங்கள். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். காவல் நிலையத்தில் "பேசித் தீர்த்துக்கோங்கம்மா" என்று அனுப்பப் பார்த்தால், சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது) வாங்காமல் எழுந்திருக்காதீர்கள்.

குழந்தை இருந்தால் அதே சட்டத்தின் 21ஆம் பிரிவில், குழந்தையை உங்களிடம் வைத்துக்கொள்ளும் தற்காலிகப் பொறுப்பும் சேர்த்துக் கேளுங்கள். அந்த உத்தரவு இல்லாமல், பள்ளி வாசலில் வந்து நிற்கும் அப்பாவைத் தலைமையாசிரியரால் தடுப்பது கஷ்டம். நகல் கைக்கு வந்த அன்றே பள்ளியில் கொடுத்துவிடுங்கள்.