இடது மூலையில் பதவியின் பெயர்

அரசாங்கம் வேலைக்கு ஆள் பிடிக்க விளம்பரம் போடுவதைக் கேட்டால் எங்கட அம்மம்மா சிரிப்பா. "கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில (அரசாங்கத்தில) மேய்க்கவேணும்" என்று யாழ்ப்பாணமே சம்பளம் வாங்காமல் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது. கலியாணப் பேச்சில் இன்றைக்கும் செய்கிறது. 2017 இல் வேலை கேட்டுப் பட்டதாரிகள் கச்சேரி (மாவட்டச் செயலகம்) முன்னால் மாதக்கணக்கில் இருந்ததும் அந்த நம்பிக்கையில்தானே.

நான் படித்தது கணினி. கூடப் படித்த பெடியள் மென்பொருள் கொம்பனிகளுக்குப் போய்விட்டார்கள். என்னைப் பிடித்து வைத்தது வெள்ளிக்கிழமை வரும் அரசாங்க வர்த்தமானியில், ஒரு திணைக்களத்தின் விளம்பரத்தில் இருந்த ஒரு வரி: பதவி நிரந்தரமானது, ஓய்வூதியம் உண்டு. ஓய்வூதியம் பற்றி அரசாங்கம் பிறகு எடுக்கும் தீர்மானத்துக்குக் கட்டுப்படவேண்டும் என்று அடுத்த வரி சொன்னது. அம்மா முதல் வரியோடு கண்ணாடியைக் கழற்றிவிட்டா.

விண்ணப்பம் ஏ4 தாளில். இன்ன தலைப்பு முதல் பக்கத்தில்தான் வரவேண்டும் என்று கட்டளை. எனக்கு ஒரு வரி வழுக்கி அடுத்த பக்கம் போக, மூன்று தரம் அச்செடுத்தேன். தபால் கந்தோரில் 20-03-02-13 என்ற வருமானத் தலைப்பில் சோதினைக் காசு கட்டி, துண்டை ஒட்டி, சமாதான நீதவானிடம் கையொப்பம் உறுதிப்படுத்தி, உறையின் இடது மேல் மூலையில் பதவியின் பெயரை எழுதிப் பதிவுத்தபாலில் விட்டேன். சோதினை எழுதியதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு வந்த அமைதிதான் பெரிய சோதினை. தொலைபேசி எடுத்தால் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு மாற்றுவார்கள், கடைசியில் "வந்தா வரும் தம்பி".

வந்தது. தனிச் சிங்களத்தில் நேர்முகக் கடிதம். அதே திணைக்களம் முகநூலில் மூன்று மொழியிலும் "எங்களுடன் இணையுங்கள்" என்று சிரித்த முகங்களோடு படம் போட்டிருந்தது. கடிதத்தை மடித்து லாச்சிக்குள் போட்டுவிட்டு, கொம்பனி ஒன்றுக்கு விண்ணப்பிக்கத் தொடங்கினேன்.

இரண்டு நாள் கழித்து ஒரு அழைப்பு. அந்தக் கந்தோரில் கோப்புப் பார்க்கிற அக்கா. "தம்பி, பிறப்பு அத்தாட்சிப்பத்திரத்தில இருக்கிற பேருக்கும் அடையாள அட்டைக்கும் ஒரு எழுத்து மாறுது. சத்தியக்கடதாசி ஒண்டு முடிச்சுக்கொண்டு வாங்கோ, இல்லாட்டித் திருப்பி அனுப்பிப்போடுவினம்." அவ எடுத்திருக்கத் தேவையில்லை, அவவின்ர கடமையிலும் அது இல்லை. என்னுடைய கோப்பை ஒரு மனிசி விரித்து, எழுத்து எழுத்தாக வாசித்திருக்கிறா என்பது எனக்குப் போதுமாக இருந்தது. சத்தியக்கடதாசியோடு போனேன். நேர்முகம் பத்து நிமிஷம். பாதி நேரம் மூலப்பிரதி பார்ப்பதிலேயே போனது.

இப்போது நான் உள்ளே. போன மாதம் ஒரு தொழிற்சந்தையில் எங்கள் மேசைக்கு என்னை இருத்தினார்கள். பின்னால் பெரிய பதாகை, முன்னால் இலவசப் பேனைகள். ஒரு பெடியன் வந்து பதாகையை மேலிருந்து கீழ் வாசித்தான்.

"அண்ணா, அப்ளிக்கேசன் போட்டா வேலை கிடைக்க எவ்வளவு காலம் எடுக்கும்?"

"எனக்குப் பதினாலு மாதம்."

பேனை ஒன்றை எடுத்துக்கொண்டு, பக்கத்திலிருந்த மென்பொருள் கொம்பனி மேசைக்குப் போனான்.