சேலம் வெயில், ஏற்காடு மேகம்: அல்பினிசம் தோல் குறிப்புகள்

ஏப்ரல் 20
இந்த வாரம் சேலத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. பகல் 12.15 வாக்கில் நிழல் காலடிக்குள் சுருங்கிவிடும். அல்பினிசம் உள்ளவர்களுக்குத் தோலில் மெலனின் என்ற நிறமி இல்லை, அல்லது மிகக் குறைவு. வெயில் பட்டால் கறுக்காது, சிவந்து வெந்துபோகும். அந்தச் சேதம் வருடக்கணக்கில் சேர்ந்து தோல் புற்றுநோயாகிறது. இருபது, முப்பது வயதிலேயே வருவதும் உண்டு. தொப்பி விளிம்பு சுற்றிலும் 7.5 செ.மீ. இருக்க வேண்டும். கிரிக்கெட் தொப்பி காதையும் பிடரியையும் விட்டுவிடும். புற்று தேடிப் பிடிக்கும் இடங்களே அவைதான்.

ஏப்ரல் 27
சன்ஸ்கிரீன் கணக்கு. முகம், கழுத்து, காதுக்கு ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முழு நீளத்துக்கும் பிதுக்க வேண்டும். புறங்கைகளுக்கு இன்னொரு விரல். டியூப்பில் போட்டிருக்கும் எஸ்.பி.எஃப். (வெயில் தடுப்பு அளவு) 30க்குக் குறையாமல், வெளியே கிளம்ப 20 நிமிடம் முன்பு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி. இப்படிப் பூசினால் 50 கிராம் டியூப் ஒரு வாரம் தாங்குவதே கஷ்டம். தினமும் வெளியே போகிறவருக்கு ஒரு டியூப் ஒரு மாதம் வருகிறதா? தேவையில் கால்வாசிதான் பூசுகிறார். வண்டிப் பெட்டிச் சூட்டில் கிடந்த டியூப் பிரிந்து தண்ணீராக வந்தால் தூக்கிப் போடுங்கள்.

வாங்கிக் கட்டுப்படி ஆகாதவர்கள் காசை முதலில் துணியில் போடலாம். முழுக்கை, காலர், அடர்த்தியான நெசவு, அடர் நிறம். துணிக்குள் கையை விட்டு டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தால் விரல் தெரியக் கூடாது. வெளுத்து நைந்த வெள்ளைச் சட்டை தேறாது. வியர்வையில் நனைந்தால் இன்னும் மோசம்.

மே 11
ஏற்காட்டில் கூட்டம். குளிராக இருக்கிறதே என்று தொப்பியைக் கழற்றுவது இங்கேதான். மலை 1,500 மீட்டர் உயரம்; ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் புறஊதாக் கதிர் ஏறத்தாழ 10 விழுக்காடு கூடும். மெல்லிய மேகம் அதைத் தடுக்காது. ஏரியில் படகு ஏறினால் வானம் முழுக்கத் திறந்தது. சிவப்பு தெரிய மூன்று, நான்கு மணி நேரம் ஆகும் என்பதால் கீழே இறங்கி வீடு சேர்ந்த பிறகுதான் எரிச்சலே தெரியும். பேருந்துக் கண்ணாடியை மூடினாலும் புறஊதாக் கதிரில் ஒரு வகையான யு.வி.ஏ. உள்ளே வரும்.

ஜூன் 13
உலக அல்பினிசம் விழிப்புணர்வு நாள். மாதம் ஒருமுறை தோலைப் பார்ப்பதோடு தடவியும் பாருங்கள். பார்வைக் குறைவு இருப்பவர்களுக்குக் கண்ணைவிட விரல் நம்பகமானது. காது மடல், கீழுதடு, பிடரி, புறங்கை. மணல் ஒட்டினாற்போல் சொரசொரப்பு, உரித்தால் அதே இடத்தில் திரும்ப வருவது, அதுதான் புற்றின் முன்னறிகுறி. திரவ நைட்ரஜனால் உறையவைத்தே பெரும்பாலும் முடித்துவிடலாம். நான்கு வாரம் ஆறாத புண், தொட்டால் ரத்தம், தடித்து வளரும் கட்டி என்றால் தோல் மருத்துவர் சதைத் துணுக்கு எடுத்துச் சோதிக்க வேண்டும். கறுப்பு மச்சத்தைத் தேடாதீர்கள். வழக்கமாகக் கறுப்பாக வரும் மெலனோமா என்ற தோல் புற்றுகூட இந்தத் தோலில் இளஞ்சிவப்பாக வரலாம். மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்பு வேண்டவே வேண்டாம். சிவப்பு அடங்கும், அடியில் கட்டி பாட்டுக்கு வளரும்.