மைஎஸ்கியூஎல் கேட்கும் மென்பொருளுக்கு மரியாடிபி

விடுதியின் முன்பதிவு மென்பொருள் மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளைக் கேட்கிறது. அதன் இடத்தில், அதிலிருந்து பிரிந்து வந்த மரியாடிபியைப் போடுவது பற்றித்தான் இது. திருகோணமலைப் பக்கம் உப்புவெளி, நிலாவெளி விடுதிகளில் சர்வரில் கை வைப்பதென்றால் வாடைக்காற்றுக் காலம்தான் தோது, அறைகள் காலி.

டெபியன் லினக்ஸில் மரியாடிபி பொதி 'வெர்ச்சுவல்-மைஎஸ்கியூஎல்-சர்வர்' என்ற பேரையும் தானே தருகிறது. முன்பதிவு மென்பொருள் அந்தப் பேரை மட்டும் கேட்டால் பிரச்சினையில்லை. குறிப்பிட்ட பதிப்பு எண்ணோடு கேட்டால் பதிப்பில்லாத மாற்றுப்பேர் செல்லாது. அப்போது ஈக்விவ்ஸ் என்ற கருவியால், அந்தப் பேரையும் பதிப்பு எண்ணையும் மட்டும் சொல்லும் ஒரு வெற்றுப் பொதி கட்ட வேண்டும். முதலில் பொதிகளை நிறுவும் ஆப்ட் கட்டளையை சிமுலேட்டில், அதாவது எதையும் மாற்றாத ஒத்திகையாக, ஓட்டுங்கள். நீக்கப்படும் பட்டியலில் உங்கள் மென்பொருள் தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

உண்மையான தலையிடி தரவில்தான். மைஎஸ்கியூஎல் 8.0 இன் டேட்டா ஃபோல்டரை மரியாடிபி திறக்காது. மைஎஸ்கியூஎல்லை நீக்குமுன்னரே, தரவை ஃபைலாக எழுதித் தரும் மைஎஸ்கியூஎல்டம்ப் கருவியால் உங்கள் டேட்டாபேஸை மட்டும் எடுங்கள். 'மைஎஸ்கியூஎல்' என்ற சிஸ்டம் டேட்டாபேஸ் வேண்டாம். பயனர்களைப் புதிதாக உருவாக்குவதே சுத்தம். அந்த டம்ப் ஃபைலை மரியாடிபியில் ஏற்றும்போது பிழை 1273, 'அன்நோன் கொலேஷன்' (எழுத்துகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் விதி தெரியவில்லை) என்று நின்றால் காரணம் 'யுடிஎஃப்8எம்பி4_0900_ஏஐ_சிஐ'. மரியாடிபியின் பழைய பதிப்புகளுக்கு அது தெரியாது. டம்ப் ஃபைலில் அதை 'யுடிஎஃப்8எம்பி4_யூனிகோட்_சிஐ' என மாற்றுங்கள். சோம்பலில் வெறும் 'யுடிஎஃப்8' போட்டால் தமிழ்ப் பெயர்கள் பிழைத்துக்கொள்ளும், ஓர் எழுத்துக்குறி 3 பைட்டுக்குள் அடங்கும். விருந்தினர் எழுதிய இமோஜிக்கு 4 வேண்டும், அது பிழைக்காது.